கிலோ கணக்கில் வாங்கிய ஸ்கேனர்

என் மச்சான் டில்லிபாபுவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல் என்றால், குடிக்கமாட்டான், யாரிடமும் கைநீட்டமாட்டான் என்று இரண்டைச் சொல்லிவிட்டு மூன்றாவதுக்கு நான் யோசிக்க வேண்டியிருக்கும். ஆகாததைச் சொல்லச் சொன்னால் காலை ஷிஃப்டில் ஆரம்பித்து நைட் ஷிஃப்ட் முடியும்வரை சொல்லுவேன்.

என் பெயர் பொன்னுரங்கம். ஒரகடத்தில் கார் பிரேக்குக்குச் சாமான் செய்யும் கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவுக்கு நான்தான் இன்சார்ஜ். பதினெட்டு வருஷமாக ஒரே வேலை. லைனில் வருவதைக் கையில் எடுப்பேன், வெளிச்சத்தில் திருப்புவேன், குறை இருந்தால் சிவப்பு டேக் கட்டி ஓரமாக வைப்பேன். வீட்டிலும் இதே கண்ணோடுதான் நடமாடுகிறேன் என்று என் மனைவி மஹாலட்சுமி குறைப்படுவாள். அவள் தம்பிதான் டில்லிபாபு. அவனுக்கு நான் சிவப்பு டேக் கட்டியது எங்களுக்குக் கல்யாணமான புதிதிலேயே.

ஆள் எப்படிப்பட்டவன் என்றால், பத்தாவதில் கணக்கில் கோட்டை விட்டு, மறுபடி எழுதித் தேறி, ஐ.டி.ஐ. முடித்து, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு செல்போன் கம்பெனியில் டெஸ்டிங் லைனில் எட்டு வருஷம் நின்றான். கம்பெனி ஒருநாள் மூடிக்கொண்டு போய்விட்டது. கூட நின்றவர்கள் கையில் வந்ததை வைத்து மனை வாங்கிப் போட்டார்கள், கார் வாங்கி டிராவல்ஸ் விட்டார்கள். இவன் வடக்குப்பட்டு திருப்பத்தில் பத்துக்குப் பத்து அறை ஒன்றைப் பிடித்து ஜெராக்ஸ் கடை போட்டான். அதோடு அவன் முன்னேற்றம் முடிந்தது. பெண் கொடுக்க வந்தவர்கள் கடையைப் பார்த்துவிட்டு காபிகூடக் குடிக்காமல் திரும்பினார்கள். இப்போது நாற்பது தாண்டிவிட்டது. இன்னமும் மூடிப்போன கம்பெனியின் பனியனைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறான்.

கடை என்று சொல்கிறேனே தவிர, பாதி கடை, பாதி காயலான் கடை. மண்ணூரில் ஒரு குடோன் இருக்கிறது. கம்பெனிகள் கழித்துக் கட்டுவதை மொத்தமாக எடுத்துவந்து கம்ப்யூட்டர், ஃபேன், நாற்காலி என்று பார்க்காமல் எல்லாவற்றையும் எடை போட்டு விற்பார்கள். ஞாயிற்றுக்கிழமை ஊரே குன்றத்தூர் மலைக்கு முருகனைப் பார்க்கப் போனால், இவன் மண்ணூருக்குத் தராசைப் பார்க்கப் போவான். அப்படி ஒருநாள் தூக்கி வந்ததுதான் அந்த ஸ்கேனர். மூடியைத் திறந்தால் கண்ணாடி இருக்கும், அதன்மேல் தாளைக் கவிழ்த்து வைக்க வேண்டும். பழைய ஆபீஸ் மேஜைகளில் இருந்த ரகம். வெள்ளை பிளாஸ்டிக் பல் துலக்காதவன் வாய் மாதிரி மஞ்சளடித்திருந்தது. அடாப்டர் கிடையாது, ஒயர் கிடையாது.

"ரெண்டே முக்கா கிலோ மாமா," என்றான், குழந்தை பிறந்த செய்தி சொல்கிறவன் போல.

"ஓடுமாடா அது?"

"கண்ணாடி உடையல மாமா. கண்ணாடி சூப்பரா கீது."

ஓடுமா என்று கேட்டால் கண்ணாடி இருக்கிறது என்கிறான். இவனிடம் என்ன பேசுவது? ஒன்றரை வருஷம் அது அங்கேயே மூலையில் கிடந்தது. அதன்மேல் ஏ-ஃபோர் பேப்பர் கட்டுகளை அடுக்கி வைத்திருந்தான்.

எங்கள் வீட்டில் அவனை மதித்த ஒரே ஜீவன் என் மகள் சௌந்தர்யா. பள்ளிக்கூடம் விட்டதும் மாமா கடையில் உட்கார்ந்து ஜெராக்ஸ் மெஷினின் பச்சை பட்டனை அமுக்கிக்கொண்டிருப்பாள். அவன் எதையாவது பிரித்துப் போட்டால் பக்கத்தில் உட்கார்ந்து திருகுகளை எண்ணி டப்பா மூடியில் வைப்பாள். நான் அவனைத் திட்டும்போதெல்லாம், "பாவம்பா மாமா," என்பாள். டிப்ளமாவில் எலக்ட்ரானிக்ஸ் எடுத்ததுகூட அந்தக் கடையில் உட்கார்ந்து கெட்ட கெடுதான் என்று நான் நினைப்பேன்.

அவள் டிப்ளமா முடித்துச் சான்றிதழ்கள் கைக்கு வந்தபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. எங்கள் வகையறாவில் சான்றிதழ் என்று ஒன்றைப் பத்திரப்படுத்தும் அவசியம் யாருக்கும் வந்ததில்லை. அவள் தோழி கல்யாணத்துக்கு வேலூர் போயிருந்த நாளில், பத்தாவது மார்க் ஷீட்டிலிருந்து டிப்ளமா வரைக்கும் ஐந்து தாள்களையும் எடுத்துக்கொண்டு லேமினேட் பண்ண டில்லிபாபு கடைக்குப் போனேன். அவன் கைநீட்டி வாங்கவே இல்லை.

"ஒரிஜினல லேமினேட் பண்ணக்கூடாது மாமா. சீலு, கையெழுத்து எல்லாம் உள்ள மாட்டிக்கும். பின்னால எவனாவது பாக்கணும்னா பேஜாரு. ஜெராக்ஸ் எடுத்து வேணா பண்ணித் தரேன்."

பத்தாவதில் கோட்டை விட்டவன் எனக்குப் பாடம் எடுக்கிறான். கையில் மெஷினை வைத்துக்கொண்டு வந்த வேலையை வேண்டாமென்கிறவன் எங்கே உருப்படுவான்? அதைச் சொல்லியும் விட்டேன். நேராகக் குன்றத்தூர் போய், இருப்பதிலேயே தடிமனான பிளாஸ்டிக்காகப் பார்த்து ஐந்தையும் போட்டு வாங்கினேன். மடங்காது, நனையாது, கரையான் அரிக்காது. வீட்டுக்கு வந்து பீரோவில் வைத்துப் பூட்டினேன். சௌந்தர்யா திரும்பி வந்து பார்த்தபோது, மாமா கடையில் பண்ணியது என்று அவளாகவே நினைத்துக்கொண்டாள். நானும் திருத்தவில்லை. அப்போது அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

அந்த வருஷமே அவளுக்கு ஒரு வெளிநாட்டுக் கம்பெனியில் வேலை கிடைத்தது. இந்த ரோட்டில் வேலை என்றால் யாரும் சம்பளத்தை முதலில் கேட்கமாட்டார்கள், "கம்பெனி ரோலா, கான்ட்ராக்டா?" என்றுதான் கேட்பார்கள். கான்ட்ராக்ட் என்றால் ஆறு மாசத்துக்கு ஒருமுறை வெளியே நிறுத்திவைத்து மறுபடி எடுப்பார்கள். கம்பெனி ரோல் என்றால் ஓய்வு பெறும்வரை கவலையில்லை. இவளுக்குக் கிடைத்தது கம்பெனி ரோல். நான் பதினெட்டு வருஷத்தில் பார்த்த அத்தனை கான்ட்ராக்ட் பிள்ளைகளின் முகமும் எனக்கு ஞாபகம் வந்தது. என் மகள் அதில் ஒருத்தியில்லை என்று நினைத்தபோது கண் கலங்கிவிட்டது.

சான்றிதழ்களைக் கம்பெனியின் இணையதளத்தில் ஏற்ற வேண்டும். போனில் படமெடுத்து ஏற்றினாள். திருப்பி அனுப்பினார்கள். ஜன்னலைச் சாத்தி, விளக்கை அணைத்து, மொட்டை மாடியில் குடைபிடித்து என்று எப்படி எடுத்தாலும் பிளாஸ்டிக் பளபளத்தது. பளபளப்பு சரியாக மார்க்குகளின் மேலேயே போய் உட்கார்ந்துகொண்டது. இரண்டாவது தடவை திருப்பி அனுப்பிய மெயில் காலை பதினோரு மணிக்கு வந்தது. போன் படம் ஏற்கமாட்டோம், கலரில் ஸ்கேன் செய்தது வேண்டும், இன்று மாலை ஐந்து மணிக்குள் வராவிட்டால் காத்திருப்போர் பட்டியலில் அடுத்தவருக்கு இடம் போய்விடும் என்று எழுதியிருந்தார்கள்.

அன்று ஆயுத பூஜை. மெயில் அனுப்பிய வெளிநாட்டுக்காரனுக்கு ஆயுத பூஜையாவது அவல் பொரியாவது.

சௌந்தர்யாவை வண்டியில் உட்காரவைத்துக்கொண்டு குன்றத்தூர், படப்பை, ஒரகடம் என்று சுற்றினேன். எல்லாக் கடையிலும் ஷட்டர் இறங்கியிருந்தது. வாசலில் வாழைக்கன்று, ரோட்டில் உடைத்த பூசணிக்காய். திறந்திருந்தது ஒரே கடைதான். எந்த நாளிலும் வீட்டுக்குப் போகத் தெரியாதவன் கடை.

மணி இரண்டு. உள்ளே சாம்பிராணிப் புகை. பெரிய ஜெராக்ஸ் மெஷின், ஸ்கேனர் சேர்ந்த பிரிண்டர், கம்ப்யூட்டர், லேமினேஷன் மெஷின், ஸ்டேப்ளர், கத்தரிக்கோல் என்று எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து மாலை போட்டிருந்தான். பிரிண்டரைக் காட்டி, ஆன் பண்ணுடா என்றேன்.

"பூஜ போட்டாச்சு மாமா. நாளைக்கி காலைல தான் எடுக்கணும்."

"எம் பொண்ணு வேல போவுதுன்றேன், பூஜயாம் பூஜ."

அவன் தன் அக்காவுக்குப் போன் போட்டு என் கையில் கொடுத்தான். மஹாலட்சுமி அந்தப் பக்கம் கத்தினாள். "பொண்ணுக்கு மொத வேல. பூஜைல வெச்ச மெஷின எடுத்து நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா நான் மனுஷியா இருக்கமாட்டேன், சொல்லிட்டேன்." எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் வாயை மூடிக்கொண்டேன். மகள் விஷயமென்று வந்துவிட்டால் நம்பிக்கை இல்லாதவனுக்கும் பயம் இருக்கும்.

டில்லிபாபு மூலைக்குப் போய்ப் பேப்பர் கட்டுகளை இறக்கினான்.

"இதுக்குப் பொட்டு வெக்கல மாமா. ஓடாததுக்கு இன்னாத்துக்குப் பொட்டுன்னு வுட்டுட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. கம்பெனிக்காரன் கழித்துக் கட்டியதை இவன் வாங்கினான், இவனே கழித்ததில் போய் என் மகளின் வேலை மாட்டிக்கொண்டது.

முதலில் அடாப்டர் தேடினான். ஒரு சிமெண்ட் சாக்கு நிறைய அடாப்டர் வைத்திருந்தான், பாம்புப் பிடாரன் மாதிரி கைவிட்டு ஒவ்வொன்றாக எடுத்துப் பின்பக்கம் எழுதியிருந்ததைப் படித்தான். பழைய வைஃபை பெட்டியினுடையது ஒன்று பொருந்தியது. கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஒயருக்குத்தான் வழியில்லை. கடையில் இருந்த ஒரே ஒயர் மாலை போட்ட பிரிண்டரில் சொருகியிருந்தது. அதன் முன்னால் போய் நின்று, கன்னத்தில் போட்டுக்கொண்டு, "ஒயருக்குத் தனியா பொட்டு வெக்கலியே," என்று சொல்லியபடி உருவினான். இந்தச் சட்டத்தை எந்த ஐயர் இவனுக்குச் சொன்னாரோ தெரியாது.

கம்ப்யூட்டரும் பூஜையில் இருந்ததால் சௌந்தர்யாவின் புது லேப்டாப்பில் சொருகினார்கள். ஸ்கேனரில் பச்சை விளக்கு எரிந்தது. லேப்டாப்போ இது என்னவென்றே தெரியவில்லை என்றது. இந்த ஸ்கேனரோடு பேசுவதற்கான டிரைவரை இணையத்தில் தேடியெடுத்தாள். அது பழைய கம்ப்யூட்டர்களுக்கு எழுதியது, புதியதில் ஏறமாட்டேன் என்றது. பழைய கம்ப்யூட்டர் மாதிரி நடிக்க வைக்க ஒரு வழி இருக்கிறது என்று அவன் சொல்ல, அப்படியும் செய்தார்கள். பாதி ஏறி நின்றுவிட்டது. வேறொன்றை இறக்கினாள். வைரஸ் என்று லேப்டாப் அலறியது. மணி மூன்றே கால்.

"ஸ்கேனர் மேல தப்பு இல்ல மாமா. டிரைவர்தான் பழசு," என்றான்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்," என்றேன். "குப்பைல கெடந்தத எட போட்டு வாங்குனா இப்டிதான். மூள இருக்கறவன் செய்ற வேலையா இது?"

"ஓட்டச் சட்டின்னாலும் கொழுக்கட்ட வெந்தா சரி மாமா. இரு, இன்னொரு வழி கீது."

சௌந்தர்யா அதுவரை பொறுமையாகத்தான் இருந்தாள். இன்னொரு வழி என்றதும் அவளுக்குப் பொங்கிவிட்டது. கையிலிருந்த மார்க் ஷீட்டை மேஜையில் போட்டாள். தடிமனான பிளாஸ்டிக் என்பதால் பலகை விழுந்த மாதிரி சத்தம் வந்தது.

"இந்த லேமினேஷன் மட்டும் இல்லன்னா போன்லயே முடிஞ்சிருக்கும். ஒரிஜினலப் போய் யாராவது லேமினேட் பண்ணுவாங்களா? ஏன் மாமா பண்ணீங்க?"

டில்லிபாபு என்னைப் பார்த்தான். ஒரு வினாடிகூட இருக்காது. நான் கண்ணை எடுத்து ஜெராக்ஸ் மெஷினின் மாலையைப் பார்த்தேன்.

"அப்போ மெஷின் புதுசும்மா," என்றான் அவன். "நல்லதுன்னு நெனச்சு பண்ணிட்டேன். தெரியாம போச்சு."

"இதத்தான தெனம் பண்றீங்க? இதுகூடத் தெரியாதா?"

"தப்புதாம்மா."

அப்போது நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. வேலை போய்விட்டால் காலமெல்லாம் அவள் என்னை எப்படிப் பார்ப்பாள் என்ற எண்ணம் வந்ததும் உள்ளேயே போய்விட்டது. முதலில் வேலை முடியட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன்.

அவன் அதற்குள் மேஜை டிராயரிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்திருந்தான். அதில் விண்டோஸுக்குப் பதிலாகக் கம்ப்யூட்டரை ஓட்டும் லினக்ஸ் இருக்கிறதாம். செல்போன் கம்பெனியில் டெஸ்டிங் மெஷின்களெல்லாம் அதில்தான் ஓடுமாம், அப்போது கற்றுக்கொண்டானாம். லேப்டாப்பில் இருப்பதைத் தொடாமல் பென்டிரைவிலிருந்தே கம்ப்யூட்டரை எழுப்பலாம் என்றான். சௌந்தர்யா லேப்டாப்பை இழுத்துக்கொண்டாள்.

"உள்ள இருக்கறது எதுவும் அழியாதும்மா. வெளியலேர்ந்தே ஓடும். உருவிட்டா பழையபடி ஆயிடும்."

"அழிஞ்சா?"

"அழியாதும்மா."

அவள் என்னைப் பார்த்தாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். வேறு வழியில்லாமல் கொடுத்தாள். லேப்டாப் முதல் இரண்டு தடவை பென்டிரைவைக் கண்டுகொள்ளவே இல்லை. உள்ளே ஏதோ ஒரு பூட்டை எடுக்க வேண்டும் என்று நீலத்திரையில் தட்டித்தட்டித் தேடினான். மூன்றாவது தடவை திரை வேறு நிறத்தில் வந்தது. ஸ்கேன் செய்யும் இடத்தைத் திறந்தான். டிரைவர் எதுவும் கேட்காமல் ஸ்கேனரின் பெயர் அதுவாக வந்து நின்றது. ஊரில் எல்லாரும் மறந்துபோன ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி இருந்தது. டில்லிபாபு சிரிக்கவில்லை, அவசரமாக மார்க் ஷீட்டைக் கண்ணாடிமேல் கவிழ்த்தான்.

பட்டனை அமுக்கியதும் உள்ளே கர்கர்ரென்று ஒரு சத்தம். பல்சக்கரம் அரைபடுகிற சத்தம் எனக்குத் தெரியாததா?

"போச்சு. ரிஜெக்ட்," என்றேன். உள்ளூர எனக்கு ஒரு திருப்திகூட வந்தது. மகளின் வேலை போகப்போகிற நேரத்தில், நான் சொன்னது சரியாகிவிட்டது என்று திருப்திப்பட்ட மனுஷன் நான்.

அவன் ஸ்கேனரைத் தலைகீழாகத் திருப்பினான். அடியில் சுண்டுவிரல் நகமளவு ஒரு தாழ்ப்பாள். வண்டியில் ஏற்றும்போது உள்ளேயிருக்கும் விளக்கு ஆடாமலிருக்கப் பூட்டி வைப்பார்களாம். கழித்த கம்பெனிக்காரன் பூட்டிவிட்டுக் கழித்திருக்கிறான். நகத்தால் நெம்பித் திறந்தான். மறுபடி பட்டனை அமுக்கினான். வெள்ளை விளக்கு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு, மாட்டு வண்டி வேகத்தில், சத்தமில்லாமல் போனது.

திரையில் மார்க் ஷீட் வந்தது. பளபளப்பு இல்லை. சீல் தெரிந்தது, கையெழுத்தின் மைத்தடம்கூடத் தெரிந்தது. ஐந்து தாளுக்கும் சேர்த்து அரைமணி நேரமாயிற்று. அளவு பெரிதாக இருக்கிறதென்று இணையதளம் ஒருமுறை தள்ளியது, அதையும் அவன் சுருக்கிக் கொடுத்தான். என் போன் இணைப்பில் ஒவ்வொன்றாக ஏற்றினாள். நாலு நாற்பத்தெட்டுக்கு, பெற்றுக்கொண்டோம் என்று பச்சை எழுத்தில் வந்தது. சௌந்தர்யா நாற்காலியில் சாய்ந்து முகத்தை மூடிக்கொண்டாள்.

டில்லிபாபு பென்டிரைவை உருவி, லேப்டாப்பைப் பழையபடி எழுப்பிக் காட்டினான். எதுவும் அழியவில்லை. ஒயரைத் துடைத்து மாலை போட்ட பிரிண்டரிலேயே சொருகிவிட்டு, ஆளுக்கொரு கை பொரி கொடுத்தான். சௌந்தர்யா வாங்கி மேஜையில் வைத்துவிட்டு, "போலாம்பா," என்றாள்.

நான் மட்டும் வாசலில் நின்று, "டில்லி," என்றேன்.

"போ மாமா. அக்கா காத்துனு இருக்கும்," என்று ஷட்டரில் கைவைத்தான்.

வண்டி ஒரகடம் சிக்னலில் நின்றபோது பின்னாலிருந்து பேசினாள். "அப்பா, நீங்க மாமாவ எப்பவும் மட்டம் தட்றீங்களேன்னு எனக்கு உங்க மேலதான் கோவம் வரும். பாவம் மனுஷன்னு தோணும். இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. அவரே கெடுத்துட்டு, அவரே மூணு மணி நேரம் போராடறாரு. நீங்க சொன்னது கரெக்ட்பா. ஒண்ணத்துக்கும் ஆகாத ஆளு. இனிமே அவர் கையில என் பேப்பர் எதையும் குடுக்காதீங்க."

இத்தனை வருஷமாக நான் வாய் ஓயாமல் பேசியும் அவள் மனசிலிருந்து அவனை இறக்க முடியவில்லை. அன்று சொல்ல வேண்டிய ஒரு வார்த்தையைச் சொல்லாமலே இறக்கிவிட்டேன்.

சௌந்தர்யா வேலையில் சேர்ந்து நாலு மாசமாகிறது. கம்பெனி பஸ் வடக்குப்பட்டு திருப்பம் வழியாகத்தான் போகிறது. அவன் கடை வாசலில் நின்று கையாட்டுகிறானாம், இவள் போனைப் பார்ப்பதுபோல் இருந்துவிடுகிறாளாம். அதை என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள். நான் இட்லியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, நேரமாச்சு கிளம்பும்மா என்றேன்.